மூட்டையைக் குறைக்காமல் முதுகைத் திட்டுகிறோம்

குறிப்பிட்ட 10 துறைகளுக்கு மட்டும் பொருந்திய மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. வேலையால் வரக்கூடிய ஆபத்து எது என்று ஒவ்வொரு முதலாளியும் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், உலகிலேயே அதிகம் பேரை முடக்கிப்போடும் கோளாறு மட்டும் நம் ஊரில் “குனியும்போது பார்த்துக் குனி” என்ற அறிவுரையோடு முடிந்துபோகிறது. முதுகுவலியைத்தான் சொல்கிறேன்.

2020-இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு, கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050-இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்னதுதான் காரணம் என்று எந்த எலும்பையும் சுட்டிக்காட்ட முடியாது. காரணம் ஒரே இடத்தில் இல்லாததால், பழியைத் தூக்கி வலி கண்டவர் மேலேயே போடுவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. எடை போட்டுவிட்டார், உட்காரத் தெரியவில்லை, தூக்கத் தெரியவில்லை, வயசாகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம்.

ஜெலாப்பாங்கில் இருந்துகொண்டு பார்த்தால் இந்தக் காரணங்கள் அரைகுறையாகத் தெரியும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தைத் தாண்டி இறங்கும் லாரிகள் ஈப்போவில் முதலில் காண்பது இந்தப் பக்கத்தைத்தான். ஒரு பக்கம் மேரு தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் சிலிபின் பட்டறைகள். மேலே செமோர், சுங்கை சிப்புட் வரை ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து, இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளுமாகிவிட்ட நிலம். தூக்குவது, நிற்பது, ஓட்டுவது, கூட்டுவது: இங்கே பெரும்பாலானோர் பிழைப்பு இந்த நான்கில் அடங்கும்.

பக்கத்திலிருக்கும் மேரு ராயாவில், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தைக் கட்டியிருக்கிறது. பக்கவாதத்திலும் முதுகுத்தண்டு காயத்திலும் நடை இழந்தவர்கள், ஜப்பானில் உருவான ‘ஹால்’ என்ற இயந்திர உடையை மாட்டிக்கொண்டு அங்கே மறுபடி நடை பழகுகிறார்கள். பெருமைப்பட வேண்டிய இடம். ஆனால் அதிலிருந்து சில நிமிடத் தொலைவில் 50 கிலோ சிமெண்டு மூட்டை இன்னும் மனிதர் தோளில்தான் ஏறி இறங்குகிறது. அந்த மையத்துக்குச் செலவிட மனம் வந்த நமக்கு, மூட்டையைச் சின்னதாக்க ஏன் மனம் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

பால்மரத்திலிருந்து வந்த வலி

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவதற்கு ஒரு வரலாறு உண்டு. பால் வெட்டுகிறவர் ஒரு காலையில் ஐந்நூறு மரம் வரை பார்ப்பார். புது மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கும். பட்டை சீவச் சீவ வெட்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் அது முழங்காலுக்கும் கீழே வந்துவிடும். அப்போது அதே ஐந்நூறு மரத்துக்கும் ஐந்நூறு தடவை குனிந்து, இடுப்பைத் திருப்பி, மரத்தைச் சுற்றியபடி கத்தியை இழுக்க வேண்டும். வெட்டி முடித்ததும் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, வாளிகளில் நிரப்பி, காண்டா கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும், அதுவும் மேட்டுக் காட்டில், பனி ஈரம் காயாத புல்லில்.

தென் தாய்லாந்தில் பால் வெட்டுகிறவர்களை ஆராய்ந்தவர்கள், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இடுப்பு வலி இருப்பதைக் கண்டார்கள். நம் தோட்டங்களில் யாரும் உட்கார்ந்து கணக்கெடுக்கவில்லை. பெரட்டுக் களத்தில் “இடுப்பு வலிக்குது” என்று சொன்னவருக்கு அன்றைய பேர் விழாது என்பதுதான் அன்றைய மருத்துவக் குறிப்பு.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் இதே கதைதான். ஓடையில் இடுப்பை வளைத்து நின்று டுலாங் தட்டில் மணலை அலசிய சீனப் பெண்களின் படங்களை ஈப்போ அருங்காட்சியகங்களில் பார்த்து ரசிக்கிறோம். அந்த வளைந்த முதுகுகள் பிறகு என்ன ஆயின என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியிருக்காது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, வீட்டுமனைகளாகிப் போனபோது மக்கள் ஈப்போவைச் சுற்றிய பகுதிகளுக்கு வந்தார்கள். குனிந்த வேலை போய், சுமக்கிற வேலையும் நிற்கிற வேலையும் வந்தது. லாரி கெலிண்டான், பாதுகாவலர், துப்புரவு, தொழிற்சாலை ஷிப்ட். மலேசியாவில் முதியோர் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் பேராக். பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, கேஸ் தோம்பைத் தூக்கிவைக்கிற வேலையும் பேரப்பிள்ளையைத் தூக்குகிற வேலையும் அறுபது வயதைத் தாண்டியவர்களிடமே இருக்கிறது.

ஆளுக்கு ஐந்து டன்

ஹார்ட்வேர் கடை ஒன்றில் சிமெண்டு இறங்குவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். லாரிப் பலகை இறக்குகிறவரின் நெஞ்சுயரத்தில் இருக்கும். மேலே நிற்கும் ஒருவர் மூட்டையை விளிம்புக்கு இழுத்து விடுவார். கீழே இருப்பவர் முதுகைத் திருப்பிக் கொடுத்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து அடி நடந்து, குனிந்து, உடம்பைத் திருப்பி அடுக்கில் போடுவார். அடுக்கின் முதல் வரிசை கணுக்கால் உயரம், கடைசி வரிசை தலைக்கு மேல். முதுகுக்கு ஆகாதவை என்று மருத்துவர்கள் சொல்லும் கனம், திருப்பம், குனிவு, எட்டிப் போடுவது அத்தனையும் ஒரே மூட்டையில் அடங்கிவிடும்.

பத்து டன் லாரி என்றால் 200 மூட்டை. இறக்க இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து டன். அதை முடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். இப்போது இந்த வேலையில் பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்களும் நிறைய இருக்கிறார்கள். “அவனுங்க தாங்குவானுங்க” என்று நம்மவர்களே சொல்லும்போது, தோட்டத்துத் துரை நம் தாத்தாவைப் பார்த்து இதைத்தான் சொன்னார் என்பது மறந்துவிடுகிறது.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டிப் படத்தில், உடம்போடு ஒட்டி இடுப்புயரத்தில் தூக்கும் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. தரையிலிருந்து தூக்கினால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7. கையை நீட்டித் தூக்கினால் அதுவும் பாதியாகிவிடும். இதைத் தாண்டினால் குற்றம் என்று அர்த்தமில்லை. தாண்டினால் வேலையை எப்படி மாற்றலாம் என்று யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். மலேசியாவின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையும் கையால் சுமை தூக்குவது பற்றி 2018-இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வேலையால் உடல் படும் சிரமத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இன்னொன்று. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெலாப்பாங் வரிசைக் கடைகளில் எத்தனை முதலாளிகள் அவற்றைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

பிரிட்டனில் சிமெண்டு மூட்டை இப்போது பெரும்பாலும் 25 கிலோதான் வருகிறது. அங்குள்ள கட்டடத் தொழிலாளியின் எலும்பு நம் ஆளுடையதைவிட மெலிந்தது என்பதால் அல்ல. 50 கிலோவுக்குப் பதில் 25 கிலோ பையில் போடுவதற்கு ஆலையில் பைக் காகிதமும் கொஞ்சம் நேரமும்தான் கூடுதல் செலவு. அந்தச் செலவை ஆலை ஏற்காதவரை, தொழிலாளி தன் நாற்பத்தைந்தாவது வயதில் அதை ஏற்கிறார்.

குனியக் கற்றுக்கொடுத்தால் போதுமா?

“முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து” என்ற சுவரொட்டி தொழிற்சாலைகளில் பளபளவென்று ஒட்டியிருக்கும். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தூக்கும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்து, தூக்கும் பொருளை மாற்றாமல் விட்டால் முதுகுவலி குறைவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லி நாளாகிவிட்டது. காரணம் சாதாரணமானது. முதல் மூட்டைக்கு முட்டி மடங்கும். எண்பதாவது மூட்டைக்கு யாருக்கும் மடங்காது, அதுவும் மதிய வெயிலில்.

இடுப்பு பெல்ட் கதை இன்னும் சுவாரசியமானது. சூப்பர்மார்க்கெட் ஸ்டோர், கூரியர் கிடங்கு என்று எங்கும் கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆரோக்கியமான தொழிலாளியை அது காப்பாற்றும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994-இலேயே சொல்லிவிட்டது. பிறகு அங்கே ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கடைகளில் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்துப் பார்த்தார்கள். பெல்ட் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டு அந்த முடிவு வெளிவந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட தன் முதல் வழிகாட்டியிலும் பெல்ட்டும் பட்டையும் பரிந்துரைக்கப்படவில்லை. ஆனாலும் நிறுவனங்களுக்குப் பெல்ட் பிடித்திருக்கிறது. முப்பது நாற்பது ரிங்கிட்டில் ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

சரி, எதற்குச் சான்று இருக்கிறது? உடற்பயிற்சிக்கு. 21 பரிசோதனைகளில் பங்கெடுத்த 30,850 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்து 2016-இல் ஒரு ஆய்வுக் குழு பார்த்தது. உடற்பயிற்சியும் முதுகைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தால் வலி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைந்தது. பெல்ட்டும் காலணிக்குள் வைக்கும் அட்டையும் ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்திரேலியாவில் 2024-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதற்கு ஜிம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இடுப்பு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினரைப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர ஏறக்குறைய 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள்.

மூட்டை தூக்குகிறவர் ஏற்கெனவே நாள் முழுக்க உடற்பயிற்சிதானே செய்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஒரே அசைவைக் களைத்த உடம்போடு திரும்பத் திரும்பச் செய்வது வேறு. இளைப்பாற நேரம் விட்டு, கை கால் எல்லாம் சீராக அசைய, தானே வேகத்தை முடிவு செய்து நடப்பது வேறு.

நடக்க இடம் எங்கே?

தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை வெறுங்காலோடு நடக்கிற ஊர் இது. பால்குடம் எடுத்தவர், காவடி எடுத்தவர், அவர்களுக்குத் துணை போனவர் என்று ஆயிரக்கணக்கில் நடக்கிறோம். மறுநாள் முனைக்கடைக்குப் பால் டின் வாங்க மோட்டார் சைக்கிள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சாலையைப் பாருங்கள். ஜெலாப்பாங் பெரிய சாலையில் லாரி உரசிக்கொண்டு போகிறது. வீடமைப்புப் பகுதிக்குள் ஐந்தடி நடைபாதையில் மோட்டாரும் பூந்தொட்டியும் நிற்கின்றன. மூடியில்லாத லோங்கான் வேறு. அதிகாலையில் நடந்தால் நாய்க்கூட்டம் துரத்தும், எட்டு மணிக்கு மேல் வெயில் துரத்தும். முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டியை “தினமும் நடங்கம்மா” என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவது எளிது. எந்தத் தெருவில் என்று அந்த மருத்துவரால் சொல்ல முடியுமா?

அதற்காக டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கோ போலோ திடலுக்கோ கார் எடுத்துப் போய் நடப்பது வசதி உள்ளவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குப் பள்ளித் திடலும் கோயில் வளாகமும் காலை ஆறு முதல் ஏழரை வரை திறந்திருந்தால் போதும். பிரகாரம் சுற்றுவதைப் பத்துச் சுற்றாக்கினால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

வீட்டுக்குள் நடக்கும் வேலை

வேலையிடச் சட்டத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு இன்னும் இடமில்லை. இல்லத்தரசிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு நாளில் ஒருவர் எத்தனை தடவை குனிகிறார் என்று எண்ணினால், தொழிற்சாலையை வீடு தோற்கடித்துவிடும்.

நம் வீட்டுத் தென்னை விளக்குமாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடி நீளம். அதைக் கொண்டு வாசல் கூட்டினால் இடுப்பு தொண்ணூறு பாகைக்கு வளைந்தே நிற்கும். அதே ஈர்க்குக் கட்டை ஒரு நீளக் கம்பில் இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து நின்று கூட்டலாம். கம்பு வைத்ததே கடையிலும் விற்கிறது, சில ரிங்கிட் வித்தியாசம். “குட்டைத் தொடப்பத்துலதான் சுத்தமாகும்” என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள். மூலை முடுக்குக்கு அது சரி, முழு வாசலுக்கும் அது வேண்டாம்.

சிங்க் தாழ்வாக இருந்தால் பாத்திரக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தட்டத்தை வைத்துக் கழுவலாம். நெடுநேரம் நின்று சமைக்கும்போது ஒரு காலை ஆறங்குல மணைக்கட்டையில் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு இறுகாது. 14 கிலோ கேஸ் தோம்பு என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. அதைத் தூக்கக் கூடாது, அடியைச் சாய்த்து உருட்டத்தான் வேண்டும், அல்லது கொண்டுவருகிறவரையே அடுப்புவரை கொண்டுபோய் மாட்டித் தரச் சொல்ல வேண்டும். பத்து கிலோ அரிசிப் பையை அலமாரியின் கீழ்த் தட்டில் வைக்காமல் இடுப்புயரத் தட்டில் வையுங்கள்.

புந்தோங்கில் கச்சான் பூத்தே செய்யும் வீடுகளில் இதெல்லாம் பெரிய அளவில் நடக்கிறது: 25 கிலோ மாவு மூட்டை, 17 கிலோ எண்ணெய் டின், அனல் பறக்கும் வாணலி. சக்கரம் வைத்த ஒரு பலகை இருந்தால் அதில் பாதிச் சுமை முதுகை விட்டு இறங்கிவிடும். கோயில் அன்னதான அண்டாவுக்கும் அதுவேதான். இரண்டு இளைஞர்கள் வீரம் காட்டித் தூக்கும் சாம்பார் அண்டாவைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு பெண்மணி ஒரு கையால் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு செய்தி. 2022 டிசம்பர் 1 முதல் அவர்களுக்கென்று சொக்சோ திட்டம் ஒன்று இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்டவர் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால், வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டாலும் நிரந்தர முடக்கம் வந்தாலும் உதவி கிடைக்கும். மாதத்துக்குப் பத்து ரிங்கிட். பிள்ளையின் கைப்பேசிக்கு நாம் கட்டும் பிரீபெய்டைவிடக் குறைவு.

மாத்திரை, மாஜுன், ஸ்கேன்

வலி வந்தபின் நாம் செய்வதில் சில, வலியைவிட மோசமானவை. பசார் மாலாமிலும் தெரிந்தவர் வழியாகவும் மூட்டுவலிக்கென்று வரும் ஜாமு, மாஜுன் வகைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும், அதனால்தான் வியாபாரம் ஓடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இடுப்பு வலிக்குச் சாப்பிட்ட மருந்தே முதுகெலும்பை நொறுங்க வைத்துவிடும். பொட்டலத்தில் சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

டைக்ளோஃபினாக், மெஃபினாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் சில நாளுக்குச் சரி. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், அதாவது நம்மில் பலர், அவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் உட்காருவதோடு ஒப்பிட்டால் இடுப்பு வலி எவ்வளவோ தேவலை.

படுக்கையும் மருந்தல்ல. திடீர் இடுப்பு வலிக்கு இரண்டு நாள் படுத்தவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்று அமெரிக்க ஆய்வொன்று 1986-லேயே காட்டியது. சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள், கோடாலித் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுந்து நடமாடுங்கள்.

ஸ்கேன் எடுத்து “டிஸ்க் தேய்ந்திருக்கு” என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பாதி உயிர் போனவர்களைக் கண்டிருக்கிறேன். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், ஐம்பது வயதினரில் 80 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. நரை விழுவதைப்போல அதுவும் விழுகிறது.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தொடைகளுக்கு இடையிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமலே நின்றுவிடுவது, கால் வலுவிழப்பது ஆகியவை இருந்தால் அன்றே, அந்த மணி நேரமே, ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் இருந்தது, வயதானவர் வழுக்கி விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றைச் சுளுக்கு எடுப்பவரிடம் காட்டாதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள்.

செய்ய வேண்டியது

முதலில் கடைக்காரர்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். பெயருக்கு ஒருவரை எழுதி வைக்காமல், ஒரு நாள் அவரை நிறுத்தி, எதை எங்கிருந்து எங்கே எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் தீர்வு ஒரு தள்ளுவண்டி, ஒரு சாய்பலகை, அடுக்கின் உயரத்தை இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் வைப்பது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் தொழிற்சாலைகளில் காலடியில் மெத்தென்ற விரிப்பும், இரண்டு மணிக்கொரு முறை இட மாற்றமும், உட்கார அனுமதியும். பாதுகாவலருக்கு நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவார் என்று பயப்படும் நிர்வாகம், முதுகு நொந்தவர் எவ்வளவு விழிப்பாக இருப்பார் என்றும் யோசிக்கட்டும்.

சிமெண்டு, மாவு, உரம் ஆகியவற்றின் பை எடைக்கு 25 கிலோ உச்சவரம்பு கொண்டுவர மனிதவள அமைச்சு ஆலைகளோடு பேச வேண்டும். ஒரே நாளில் முடியாது. அரசாங்கக் கட்டுமானக் குத்தகைகளில் தொடங்கலாம்.

ஈப்போ மாநகராட்சிக்குப் பெரிய பூங்காத் திட்டம் எதுவும் வேண்டாம். ஜெலாப்பாங், சிலிபின், புந்தோங் வீடமைப்புப் பகுதிகளில் வட்டமாக ஒரு கிலோமீட்டர் நடக்கும்படி நடைபாதையைச் சீராக்கி, லோங்கானுக்கு மூடி போட்டு, விளக்கு எரிய வைத்தால் போதும்.

உணவு கொண்டுபோகும் மோட்டார் தம்பிகள் ஒரு தனிக் கதை. 2017-ஆம் ஆண்டின் சுயதொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டமும் அவர்களுக்குக் காப்புறுதிக்கு வழி செய்கின்றன. பெட்டியை முதுகில் மாட்டாமல் வண்டியில் பூட்ட வேண்டும் என்ற ஒரு வரியை நிறுவனங்களின் விதியில் சேர்க்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

கடைசியாக, தொழிலாளிகளுக்கு. வேலையில் ஏதோ தூக்கும்போது இடுப்பு ‘கடக்’ என்று பிடித்தால், நாம் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டு, சாயங்காலம் ஒருவரிடம் போய் உருவிக்கொண்டு, மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். ஆறு மாதம் கழித்து நிமிரவே முடியாமல் போய்ச் சொக்சோவுக்கு மனுச் செய்தால், அது வேலையில் வந்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. அன்றே கிளினிக்குக்குப் போய், எதைத் தூக்கும்போது, எத்தனை மணிக்கு, எங்கே என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். எம்.சி.யைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும், அதற்கு உள்ள பாரத்தின் எண் 21. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலையிட விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அவருக்குப் பாரத்தைப் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்தில் மூட்டை இறக்கும் நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.